கரை வைத்த பச்சைத் துணி

— அப்போ அந்தப் பூமி? அந்த நீல உருண்டை? அதுவும் கெடையாதா?

— கிடையாதுண்ணே. ஒரு நீளக் குச்சி. குச்சி நுனியில ஒரு டென்னிஸ் பந்து. அதைத்தான் பூமின்னு நினைச்சுப் பார்த்தேன்.

— சவத்த, நான் அதைப் பாத்து அழுதேன்ட்டி. ராஜபாளையத்துக்கு உன் மதினி அனுவைக் கூட்டிட்டுப் போயி, ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம். நீ விண்வெளிக்குப் போயிட்ட, இனிமே திரும்ப வர மாட்டேன்னு. அவ்வளவும் ஒரு பந்துக்கா?

— ஏன் ராஜபாளையம்? தீபாவளிக்கு இங்க சங்கரன்கோவில்லயே ஓடிச்சே.

— இங்கன பாத்தா அப்பா காதுக்குப் போயிரும். காதுன்னு சொன்னா, காதுதான் கேக்காது. யாராவது கையைக் காட்டி, வாயை அசைச்சுச் சொல்லிருவான். ‘உம்ம மகன் சிவபிரசாத், தங்கச்சி நடிச்ச படத்தைப் பாத்துட்டு வாரான்’னு. அது போதும்.

— காது இன்னும் மோசமாயிடுச்சா?

— நாப்பத்தி ரெண்டு வருசம் பன்னெண்டு விசைத்தறிக்கு நடுவுல நின்ன மனுசனுக்கு என்ன மிஞ்சும்? வலது காது சுத்தமா அவுட்டு. இடதுல இடி விழுந்தா லேசா கேக்கும். மிஷின் வாங்கிக் குடுத்தேன். தறிச் சத்தத்தை ரெண்டு மடங்காக் காட்டுதுன்னு கழட்டி அம்மா போட்டோ முன்னால வச்சிட்டாரு. இப்ப அம்மாவுக்குத்தான் நல்லாக் கேக்கும்.

— மாறவே இல்ல.

— அதை விடு. இந்தா பாரு ஈஸ்வரி, நீ நாலு மணிக்குள்ள கெளம்பிரணும், கேட்டியா.

— வந்து அரை மணி நேரம் ஆகல. அதுக்குள்ள விரட்டறே.

— விரட்டலட்டி. இன்னைக்கு மாசாந்திரக் கரண்ட் கட்டு. காலையில ஒம்போதுல இருந்து தறி நிக்கு. அதனாலதான் நீயும் நானும் இங்கன நின்னு கத்தாம பேசுதோம். அப்பா கோயில்ல தூணுல சாஞ்சு உக்காந்திருப்பாரு. கரண்ட் கட்டு அன்னைக்குத்தான் அவருக்கு லீவு. மண்டபத்து ஃபேன் எப்பச் சுத்துதோ அப்ப எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சிருவாரு. பத்து நிமிசத்துல இந்த வாசல்ல நிப்பாரு. தறி ஓட ஆரம்பிக்கையில அவரு கண்ணு முன்னால ஓடணும்.

— நிக்கட்டும். நான் அவரைப் பார்க்கத்தானே வந்திருக்கேன்.

— பதினாறு வருசம் கழிச்சா? அவருக்குப் பிரஷர் இருக்கு மக்கா. உன் பேரை எடுத்தா சோத்துத் தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிக்காரு. ‘அவ வந்தா நான் இந்த வாசலை விட்டு எறங்கிருவேன்’னு எங்கிட்ட வாயால சொன்னவரு. சொன்னதைச் செய்வாரு. இந்த வயசுல அவரு எங்கன போயி நிப்பாரு?

— எப்போ சொன்னாரு அப்படி?

— நீ வீட்டை விட்டுப் போன வருசம்.

— அதுக்கப்புறம்?

— அதுக்குப் பொறவு யாரு கேட்டா? கேக்கத் தைரியம் வேண்டாமா?

— அப்போ தெரியாதுன்னு சொல்லு.

— நல்லா மடக்கிப் பேசுத. சினிமாவுல சொல்லிக் குடுத்தானுவளா? இந்தா, மோரைக் குடி. அனு அவ அம்மா வீட்டுக்கு வாசுதேவநல்லூர் போயிருக்கா, இல்லன்னா உனக்கு இன்னைக்கு விருந்துதான். நான் கலக்குனது, உப்பு கூடியிருக்கும்.

— கூடத்தான் இருக்கு.

— குடி. ஏட்டி, நான் ஒண்ணு கேக்கேன். அந்தரத்துல மெதக்கியே, அது மட்டும் நெசந்தான? கயித்துல தொங்குனியா?

— தொங்கினேன். இடுப்புல ரெண்டு பக்கமும் கொக்கி, ரெண்டு கயிறு, மேல கிரேன். நாலு பேர் இழுப்பாங்க. ஆனா கயிறு யாரையும் மிதக்க வைக்காதுண்ணே. தூக்கத்தான் செய்யும். மிதக்கறது நம்ம வேலை.

— அது எப்படி?

— கையையும் காலையும் மெதுவா அசைக்கணும். ஆனா கண்ணும் மூச்சும் சாதாரண வேகத்துல இருக்கணும். புதுசா வர்றவங்க எல்லாத்தையும் மெதுவாப் பண்ணுவாங்க. பார்த்தா தூக்கத்துல நடக்கற மாதிரி இருக்கும். அப்புறம் கழுத்து. தொங்கற உடம்புல கழுத்து நரம்பு புடைச்சுக்கும். எடையே இல்லாத இடத்துல நரம்பு எதுக்குப் புடைக்கணும்? இடுப்பு வலிக்குது, தொடை மரத்துப் போச்சு, ஆனா முகம் மட்டும் தண்ணியில கிடக்கற இலை மாதிரி இருக்கணும். அதுக்கே ரெண்டு மாசம் பயிற்சி.

— நீ அதுக்கெல்லாம் சின்னதுலயே பயிற்சி எடுத்தவதான. ஆடித்தபசுக்கு அம்மன் ஒத்தக்கால்ல நிக்கான்னு நீயும் தெற்கு ரத வீதியில கூட்டத்துக்கு நடுவுல ஒத்தக்கால்ல நிப்ப. ‘சாமி காட்சி குடுக்கிற வரைக்கும் காலை ஊன மாட்டேன்’னு.

— ஊனலையே.

— ஊனுன. நான் பாத்தேன். அப்பா தோள்ல தூக்குன அந்த நேரத்துல.

— தோள்ல உட்கார்ந்தா அது ஊனறதா? அதுவும் அந்தரத்துல நிக்கறதுதான்.

— இதைத்தான் சொன்னேன், மடக்கிப் பேசுதன்னு. சரி, தலையில அந்தக் கண்ணாடிக் கூட்டை மாட்டியிருந்தியே, மூச்சு முட்டலையா?

— கண்ணாடியே இல்லண்ணே. கண்ணாடி போட்டா எதிர்ல இருக்கற கேமரா, லைட்டு, டைரக்டரோட தொப்பை எல்லாம் அதுல தெரியும். அதனால வெறும் வளையம். கண்ணாடி பொறவு கம்ப்யூட்டர்ல வந்துச்சு.

— நீ பனியைத் தொடைச்சியே கையால?

— இல்லாத கண்ணாடியில இல்லாத பனி. விரல் மூக்குல இருந்து ஒரு சாண் தள்ளி நிக்கணும். ஒவ்வொரு டேக்குலயும் அதே சாண். ஒரு நாள் மறந்து மூக்கைச் சொறிஞ்சிட்டேன். கோகுல்னு ஒருத்தர், கிராஃபிக்ஸ் பொறுப்பு அவர்தான், தலையில கையை வச்சு உட்கார்ந்துட்டாரு. ‘மேடம், உங்க கை கண்ணாடிக்குள்ள பூந்துடுச்சு, இப்போ நீங்க செத்துட்டீங்க’ன்னாரு.

— இப்பச் சொன்ன பாத்தியா.

— என்ன?

— ‘பொறவு’ன்னு சொன்ன. வந்ததுல இருந்து ‘அப்புறம் அப்புறம்’னு மெட்ராஸ்காரி மாதிரிப் பேசிட்டிருந்த. இப்பத்தான் ஒரு வார்த்தை நம்ம வீட்டு வார்த்தை.

— வாயில வந்துடுச்சு.

— வரட்டும், வரட்டும். ஒண்ணொண்ணா வரட்டும்.

— அண்ணே, இந்த ஆறாம் நம்பர் தறி, இது பழசுதானே? நான் உட்கார்ந்து தார்க்குச்சியில நூல் சுத்துன இடம் இதுதானே?

— அதேதான். மத்த பதினொண்ணும் மாத்தியாச்சு. இதை மாத்த விட மாட்டேங்காரு. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ இங்கன, நான் அந்தச் சுவரோரம். நடுவுல இந்த எழவு சத்தம். சத்தத்துக்கு மேல கத்துனா தொண்டை போயிரும்னு வாயை மட்டும் அசைச்சு அசைச்சுப் பேசுவோம். தறிப்பேச்சு.

— நீ எப்பவும் தப்பா வாசிப்ப. ‘பசிக்குது’ன்னு நான் சொன்னா ‘பஸ் வருது’ன்னு வெளிய ஓடுவ.

— எனக்குக் கண்ணு அப்பமே கோளாறு. கண்ணாடி போட்ட பொறவும் உருப்படல. நீ நல்லா வாசிப்ப. ஆனா அப்பாவை அடிச்சுக்க முடியாது.

— அந்தக் கோமதியம்மன் படம்!

— ஆமா! நாம ரெண்டு பேரும் அவரு முதுகுக்குப் பின்னால அவரைப் பத்தித்தான் பேசிட்டு இருப்போம். அவரு சாமி படத்துக் கண்ணாடியில நம்ம வாயைப் பாத்துட்டே நிப்பாரு. ராத்திரி சோறு போடுகையில ஒவ்வொண்ணா எடுத்து விடுவாரு. ‘எனக்கு மீசை ஒரு பக்கம் கூடுதலா இருக்காமே?’

— நீதான் சொன்ன.

— நீதான் சொன்ன!

— நான் சொன்னது வேட்டி. மீசை நீ.

— சரி, நான்தான். எம்புட்டு நாளாச்சு மக்கா, இதையெல்லாம் பேசி. அனுகிட்டச் சொன்னா அவளுக்குப் புரிய மாட்டேங்கு. அவ அப்பா கவர்மெண்ட் ஆபீஸு. சத்தமில்லாத வீடு.

— எனக்கு அந்தப் படத்துல வேலை கிடைச்சதே இந்தச் சத்தத்தாலதான், தெரியுமா?

— என்ன சொல்லுத?

— விண்வெளியில காத்து இல்ல. காத்து இல்லாட்டிச் சத்தம் இல்ல. தலைக்கூட்டுக்குள்ள ஒருத்தி பேசுறா, ரேடியோ அறுந்து போச்சு, வெளிய யாருக்கும் கேக்காது. வெறும் முகத்தையும் உதட்டையும் வச்சுப் படம் பார்க்கறவனுக்குப் புரிய வைக்கணும். ஆடிஷனுக்கு வந்த எல்லாரும் புருவத்தைத் தூக்குனாங்க, கண்ணை உருட்டுனாங்க. நான் தறிக்கு முன்னாடி உன்கிட்டப் பேசற மாதிரிப் பேசினேன். டைரக்டர் எழுந்து நின்னுட்டாரு. ‘இதை எங்க கத்துக்கிட்டீங்க?’ன்னு கேட்டாரு.

— என்ன சொன்ன?

— சங்கரன்கோவில்லன்னேன். ஏதோ நடிப்புப் பள்ளிக்கூடம்னு நினைச்சுக்கிட்டாரு.

— பள்ளிக்கூடந்தான். வாத்தியாரு செவுடு. ஏட்டி, அப்போ அந்தக் கடைசி இடம், பூமியைப் பாத்துக்கிட்டே நீ மட்டும் என்னமோ சொல்லுவியே, தியேட்டர்ல குண்டூசி விழுந்தா கேக்கும். அதுல என்ன சொன்ன?

— எல்லாரும் கேக்கறாங்க. யார்கிட்டயும் சொல்லல.

— ஊரே பந்தயம் கட்டியிருக்கு. நம்ம தறிக்காரன் சுடலைமணி ‘அம்மா’ங்கான். செல்லுல ஒருத்தன், ஹீரோ பேரைச் சொல்லுதன்னு படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுதான். நான் மூணு தடவை உத்துப் பாத்தேன், எனக்கு ஒரு எழுத்துக்கூடப் பிடிபடல. அப்பாவைக் கூட்டிட்டுப் போனா ஒரு நொடியில சொல்லிருவாருன்னு அனு சொன்னா. நான் அவ வாயைப் பொத்துனேன்.

— அவர் படமே பார்க்க மாட்டாரா?

— கேக்காதவனுக்கு என்னலே படம்னுதான் சொல்லுவாரு. டிவிகூடப் பாக்க மாட்டாரு. கண்ணு வேற. ரெண்டு வருசத்துக்கு முந்தி கண்ணு ஆபரேசன் ஆச்சுல்லா, அதுக்குப் பொறவு நல்லாத்தான் இருந்தாரு. இந்தத் தீபாவளி முடிஞ்சு திடீர்னு கண்ணு மங்குதுன்னுட்டாரு. நாலு வியாழக்கிழமை திருநெல்வேலிக்குப் பத்து மணி பஸ்ஸு. நானும் வாரேன்னா, ‘நீ தறியப் பாரு’ன்னுட்டாரு. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வருவாரு. கேட்டா கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாருங்காரு. பொறவு எதுக்கு நாலு தடவை? வயசானா இப்படித்தான், ஆஸ்பத்திரியைப் பாத்தாத்தான் மனசு நிம்மதி.

— இப்போ பரவாயில்லையா?

— இப்ப மங்கலைங்காரு. நூலு அறுந்தா நாலாந் தறிக்கு அந்தப் பக்கம் நின்னே கண்டுபிடிச்சிருதாரு. சரி, மணி மூணேகாலாச்சு. நீ சொல்ல வந்ததைச் சொல்லு. சும்மா மோர் குடிக்க நீ சென்னையில இருந்து வரல.

— அண்ணே, நம்ம தறியில ரெண்டு வருசத்துக்கு முந்தி பச்சைத் துணி ஓட்டினீங்களா? கிளிப்பச்சை. கரை இல்லாம வேணும்னு கேட்டு ஒரு ஆர்டர்.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— ஓட்டினீங்களா?

— ஓட்டுனோம். ரிஸ்வான் அகமது பாய் கொண்டு வந்த ஆர்டரு. சினிமாக்காரனுக்குன்னாரு. பளபளப்பு இருக்கக் கூடாது, பருத்தியா இருக்கணும், இருநூறு மீட்டர். என்ன படம், யாரு படம், ஒண்ணும் சொல்லல. ஏன்?

— அந்தக் கடைசி இடம் எடுத்த கதையைச் சொல்லுதேன். குறுக்க பேசாம கேளு.

— சொல்லு.

— டைரக்டர் முதல்லயே சொல்லிட்டாரு. ‘நீங்க அழணும், ஆனா ஒரு சொட்டுகூடக் கன்னத்துல இறங்கக் கூடாது. அங்க கீழன்னு ஒரு திசையே இல்ல. கண்ணீர் இறங்கிச்சுன்னா நீங்க பூமியில நிக்கற பொம்பளை’ன்னு. அதனால என்னை மல்லாக்கத் தொங்க விட்டாங்க. கண்ணுல ஊறுற தண்ணி கண்ணுலயே குளம் கட்டி நிக்கும்லா, அதுக்கு. கிளிசரின் போட முடியாது. போட்டா கொட்டிரும். நெசமா அழணும், கொஞ்சமா அழணும். மேல கூரை மாதிரிப் பச்சைத் துணி. அதுக்கு முன்னால குச்சியில அந்தப் பந்து. பதினேழு டேக். வரல.

— என்ன வரல?

— அழுகை. அம்மாவை நினைச்சேன். அம்மா செத்தன்னைக்கு மழை பெஞ்சதை நினைச்சேன். ஒண்ணும் வரல. உடம்பு மரத்துப் போனா மனசும் மரத்துப் போகும்போல. பதினெட்டாவது டேக்குல குச்சியைப் புடிச்சவருக்குக் கை வலிச்சு, பந்து லேசா விலகிச்சு. பந்துக்குப் பின்னால துணியோட தையல். அந்தத் தையல் ஓரத்துல ரெண்டு சிவப்பு, ஒரு மஞ்சள், மறுபடி ஒரு சிவப்பு.

— ஐயோ.

— நம்ம கரை. தாத்தா காலத்துல இருந்து நம்ம துண்டு, நம்ம வேட்டி, நம்ம சேலை எல்லாத்துலயும் ஓடுற கரை. ஒரு விரக்கடை அகலம். அது எனக்குப் பத்தடி மேல, பூமி இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு.

— ஈஸ்வரி…

— கோகுலுக்கு அது தலைவலி. பச்சை எங்கெல்லாம் இருக்கோ அதைக் கம்ப்யூட்டரு அழிச்சுட்டு வானத்தை வைக்கும். சிவப்பு அழியாது. வானத்துக்குக் குறுக்க கோடு விழும். ரெண்டு நிமிச ஷாட்டு, ரெண்டாயிரத்தி எண்ணூத்தி எண்பது படம். ஒவ்வொரு படத்துலயும் கையால அந்த நூலை அழிச்சாரு. ‘எந்த ஊர்க்காரன்ட்ட துணி வாங்குனாங்க, கரை வேண்டாம்னு எழுதியே குடுத்தோமே’ன்னு திட்டிக்கிட்டே அழிச்சாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். வாயைத் தொறக்கல.

— அதைப் பாத்துத்தான் நீ…

— அதைப் பாத்துத்தான் வாயை அசைச்சேன். ஸ்கிரிப்ட்ல இருந்தது வேற. டைரக்டர் கட் சொல்லல. கட் சொல்ல மறந்துட்டாரு.

— என்ன சொன்னன்னு இப்பவாவது சொல்லேன்.

— அது கரைக்குச் சொன்னது. முதல்ல நீ எனக்கு ஒண்ணு சொல்லு. இதைக் கேக்கத்தான் வந்தேன். ரெண்டு வருசமா இது ஒண்ணைத்தான் நினைச்சிட்டு இருக்கேன். கரை வேண்டாம்னு எழுதிக் குடுத்தும் அந்தக் கரையை ஓட்டுனது அப்பாதானே? அது என் படத்துக்குப் போற துணின்னு அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. நான் பாப்பேன்னு தெரிஞ்சுதானே வச்சாரு?

— மோரைக் கீழ வை.

— சொல்லுண்ணே.

— நீ போனன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?

— பேச்சை மாத்தாத.

— மாத்தலட்டி. உன் நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாளு. நீ பையைத் தூக்கிட்டு அந்தா அந்த வாசல்ல நின்ன. பன்னெண்டு தறியும் ஓடிட்டு இருக்கு. அப்பா ஆறாம் நம்பருக்குப் பக்கத்துல நிக்காரு. நீ வாயை அசைச்ச. நான் எப்பவும்போல தப்பா வாசிச்சேன், ஏதோ கடைக்குப் போறன்னு நெனச்சேன். அவரு சரியா வாசிச்சாரு.

— ‘போறேன்’னு சொன்னேன்.

— ‘போறேன்’னு சொன்ன. நம்ம வீட்டுல மூக்குப்பொடி வாங்கப் போறவன்கூட அப்படிச் சொல்ல மாட்டான். நீ கல்யாணத்தை முறிச்சது, சினிமாவுக்குப் போனது, அதையெல்லாம் அவரு ஒரு வருசத்துல ஆத்திக்கிட்டாருன்னுதான் நெனைக்கேன். இந்த ஒரு வார்த்தையத்தான் தாங்கல. ‘வாரேன்னு சொல்லலடா. திரும்பி வார எண்ணமே இல்லடா’ன்னு எங்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னாரு.

— அப்போ எனக்கு இருபது வயசு. கோவம். வேணும்னேதான் சொன்னேன்.

— தெரியும். அதனாலதான் உன்கிட்டப் பொய் சொல்ல மனசு வர மாட்டேங்கு. அந்தக் கரை அப்பா வச்சது இல்ல மக்கா.

— வேற யாரு?

— நான்.

— நீ தெரிஞ்சு வச்சியா?

— தெரிஞ்சு வச்சா உங்கிட்டப் பெருமையாச் சொல்லியிருப்பேனே. கைப்பழக்கம். இருபது வருசமா பாவு நூலைப் பிணைக்கையில ஓரத்துல சிவப்பு, சிவப்பு, மஞ்சள், சிவப்புன்னு விரலே எடுத்து வச்சிரும். கரை வேண்டாங்கிற சீட்டைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டே கரையை ஓட்டுனேன். இருநூறு மீட்டரும் ஓடி, மடிச்சுக் கட்டுகையிலதான் பாத்தேன். பாய்கிட்டச் சொன்னா, ‘நேரமில்ல, தையல்ல மறைஞ்சிரும், ஏத்து’ன்னுட்டாரு.

— அப்பா?

— அப்பா அந்தப் பத்து நாளும் கண்ணு ஆபரேசன் பண்ணிட்டு உள்ரூம்ல கட்டுப் போட்டுப் படுத்திருந்தாரு. இப்படி ஒரு துணி ஓடுனதே அவருக்குத் தெரியாது. தறி பக்கமே வரல.

— சரி.

— ஈஸ்வரி.

— இல்ல, சரி. சிரிப்பா வருதுண்ணே. ஒரு பந்தைப் பூமின்னு நம்ப எனக்குப் பயிற்சி குடுத்தாங்க. நான் நாலு நூலை அப்பான்னு நம்பிட்டேன்.

— அது நம்ம வீட்டு நூலுதான மக்கா.

— நூலு நம்மது. அனுப்புனது யாரும் இல்ல. யாருமே இல்லாத இடத்தைப் பாத்துப் பேசுறதுதான் என் வேலை. அதுக்குத்தான் கைதட்டுறாங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கேன்.

— நான் பொய் சொல்லியிருக்கணும்.

— வேண்டாம். நீ தப்பா வாசிப்ப, பொய் சொல்ல மாட்ட. மணி என்ன?

— மூணரை.

— நாளைக்கு ஐதராபாத்துல ஷூட்டிங். மதுரைக்குப் போயி ஏறணும். நான் கெளம்புதேன். அவருக்கு நான் வந்ததாகவே தெரிய வேண்டாம். பிரஷர் மாத்திரை ஒழுங்காக் குடு.

— ‘கெளம்புதேன்’. இப்ப முழுசா நம்ம பேச்சு வந்துட்டு. இப்பப் போயிக் கெளம்புத.

— அழாதண்ணே. என் தம்ளரைக் கழுவி வச்சிரு. ரெண்டு தம்ளரு இருந்தா கண்டுபிடிச்சிருவாரு.

— அண்ணாச்சி! கரண்ட் வந்துட்டு!

— யாரு, சுடலைமணியா? பொறுலே! நாலு மணிக்குத்தான வரணும்?

— சீக்கிரமே விட்டுட்டான் அண்ணாச்சி, வந்து பத்து நிமிசமாச்சு. நான் டீக்கடையில ஃபேன் சுத்துறதை இப்பத்தான் பாத்து ஓடியாரேன். தறியப் போட்டுட்டேன்!

— பத்து நிமிசமா? ஏலே, நிறுத்து! போடாத!

— என்னது? கேக்கல அண்ணாச்சி!

— அண்ணே, என்ன சொல்லுத? சத்தத்துல ஒண்ணும் கேக்கல!

— பத்து நிமிசம்ட்டி! கோயில்ல இருந்து இங்கன வர அவருக்கு அதே பத்து நிமிசம்!

— என் உதட்டைப் பாரு. கத்தாத. நான் பின்வாசல் வழியா போறேன்.

— என்ன சொன்ன? போறேன்னா? அதே இடத்துல நின்னு இன்னொரு தடவை அதைச் சொல்லாதட்டி.

— இதை மட்டும் சரியா வாசிச்சிருக்க. விடு என் கையை.

— அசையாத. திரும்பிப் பாக்காத.

— ஏன்?

— வாசல்ல நிக்காரு.

— தறியைப் பாக்காரா?

— இல்ல. உன்னையப் பாக்காரு. ஆறாம் நம்பர் ஓடுது, அதைப் பாக்காம உன்னையப் பாக்காரு. செருப்பைக்கூடக் கழட்டல. ஈஸ்வரி, வாயை அசைக்காரு. என்னமோ சொல்லுதாரு, எனக்குப் பிடிபடல. திரும்பு. நீயே பாரு. திட்டுதாரா?

— இல்ல.

— பொறவு என்ன சொல்லுதாரு? ஏட்டி, அழாம சொல்லு.

— ‘போயிட்டு வாரேன்னு நாலு வியாழக்கிழமையும் என்னையப் பாத்துச் சொன்னியே, வர இவ்வளவு நேரமாட்டி’ங்காரு.